தீவகம் கண்ட போர்கள்: கோட்டையும் குடிநீரும்

நான் உயர்தரக் கலைப்பிரிவில் வரலாற்றை ஒரு பாடமாகக் கற்கும் மாணவி. சென்ற தவணையில் எங்கள் வரலாற்று ஆசிரியை, "உங்கள் பிரதேசத்தில் நடந்த ஒரு போரை எடுத்து, வென்றவர் ஏன் வென்றார் என்று காரணங்காட்டி எழுதுங்கள்" என்று ஒப்படை தந்தார். 1658இல் ஒல்லாந்தர் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டையைக் கைப்பற்றியதை நான் எடுத்துக்கொண்டேன். ஒல்லாந்தரிடம் பலமான கப்பல்களும் பீரங்கிகளும் இருந்தன, ஆகவே வென்றார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி முடித்தும் விட்டேன்.

அன்றிரவு அதை உம்மும்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவர். சின்ன வயதில் நயினாதீவில் இருந்த உறவினர் வீட்டுக்கு அடிக்கடி போய் வந்தவர். முழுவதையும் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார்.

"கடலுக்கு நடுவில கோட்டை எண்டு சொல்றீங்க. அதுக்குள்ள இருந்தவங்க குடிக்கிற தண்ணிக்கு என்ன செஞ்சாங்க, மகள்?"

என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனபோதுதான் எழுதிய ஒரு பக்கமும் பிழை என்று விளங்கியது. இந்தக் கட்டுரை நான் இரண்டாவது முறை எழுதியது.

தீவகத்தின் அமைப்பு

போரைப் படிக்க முன் தேசப்படத்தைப் படிக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே பாக்கு நீரிணையில் பரந்து கிடக்கும் தீவுகளைத் தீவகம் என்கிறோம். வேலணையும் ஊர்காவற்றுறையும் அடங்கிய பெரிய தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, காரைதீவு என்பன முக்கியமானவை. காரைதீவு பின்னாளில் தாம்போதியால் குடாநாட்டுடன் இணைக்கப்பட்டுக் காரைநகர் ஆயிற்று. யாழ் நகருக்கு மிக அருகில் மண்டைதீவு கிடக்கிறது.

இந்தத் தீவுகளுக்கும் குடாநாட்டுக்கும் இடையிலுள்ள கடல் ஆழமற்றது. பல இடங்களில் மனிதர் இறங்கி நடக்கலாம். அக்காலத்துப் பெரிய கப்பல்கள் யாழ்ப்பாண நகரத்தின் அருகே வர இயலாது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடைப்பட்ட வாய்க்கால்தான் மேற்குக் கடலிலிருந்து களப்புக்குள் நுழையும் முக்கிய வழி. கப்பல் அங்கே நங்கூரமிடும். பொருட்கள் தோணிகளிலும் வள்ளங்களிலும் ஏற்றப்பட்டு உள்ளே போகும். யாழ்ப்பாணம் ஒரு வீடு என்றால் அதன் வாசற்படி ஊர்காவற்றுறை. வீட்டைப் பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் வாசலைத்தான் பார்த்தார்கள்.

போர்த்துக்கேயருக்கு முன்

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது 12ஆம் நூற்றாண்டுக்குரியது. ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகருக்குப் பாதுகாப்புத் தரவேண்டும் என்பதும், கப்பல் உடைந்தால் சரக்கை எப்படிப் பங்கிடுவது என்பதும் அதில் கூறப்படுகின்றன. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு மட்டும் அரச பண்டாரத்துக்கு, மீதி மூன்று பங்கும் உடையவனுக்கு. ஏனைய வணிகச் சரக்கு ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதி அரசுக்கு, பாதி உடையவனுக்கு.

இதை முதலில் வாசித்தபோது வணிகச் சட்டம் என்றுதான் நினைத்தேன். யானைக்கும் குதிரைக்கும் ஏன் சலுகை என்று யோசித்தபோது விளங்கியது. அன்றைய படைக்கு யானையும் குதிரையும் இன்றைய கவச வாகனங்களைப் போன்றவை. அவற்றைக் கொண்டுவரும் வணிகன் நட்டப்பட்டு மறுமுறை வராமல் விட்டால் மன்னனின் படை மெலிந்துவிடும்.

அதே நூற்றாண்டில் சோழர் தரப்புச் சான்றும் உண்டு. இரண்டாம் இராசாதிராசன் காலத்துத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, பராக்கிரமபாகு தமிழகத்தின் மேல் படையெடுக்க ஊராத்துறை முதலிய இடங்களில் படகுகள் கட்டிப் படை சேர்த்ததையும், சோழர் தரப்பு அதைத் தடுக்கப் படை அனுப்பியதையும் சொல்கிறது. எதிரெதிராக நின்ற இரு அரசுகளின் கல்லெழுத்திலும் ஒரே துறையின் பெயர் இருக்கிறது.

போர்த்துக்கேயர் வருகை

1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். யாழ்ப்பாண இராச்சியத்தின் மீது அவர்களின் முதல் பெரிய படையெடுப்பு 1560இல் நடந்தது. கோவாவிலிருந்து அரசப் பிரதிநிதியான கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா பெரும் கடற்படையோடு வந்து நல்லூரைப் பிடித்தார். ஆனால் நிலைத்து நிற்க முடியவில்லை. மக்கள் கிளர்ந்தெழுந்ததால் பின்வாங்கி, மன்னார்த் தீவைக் கைப்பற்றி அங்கே கோட்டை கட்டினார். பெருநிலத்தைப் பிடிக்க முடியாவிட்டால் அருகிலுள்ள தீவைப் பிடித்துக் காத்திருப்பது கடல் வல்லரசுகளின் பழைய உபாயம்.

1591இல் அந்திரே பூர்த்தாடோ த மென்தொன்சா என்ற தளபதி வந்தார். யாழ்ப்பாண மன்னன் புவிராஜ பண்டாரத்துக்குத் துணையாகக் கோழிக்கோட்டு சாமூதிரியின் கடற்படை வந்திருந்தது. அதை வழியிலேயே முறியடித்துவிட்டு அவர் யாழ்ப்பாணத்தைத் தாக்கினார். மன்னன் கொல்லப்பட்டான். இதே தளபதிதான் 1600இல் மலபாரின் நான்காம் குஞ்ஞாலி மரைக்காரைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுசென்றவர். அங்கே மரைக்காருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. போர்த்துக்கேயரைக் கடலில் நீண்டகாலம் எதிர்த்து நின்ற முஸ்லிம் மாலுமிகளின் வரலாறும் நம் தீவகத்தின் வரலாறும் இந்த ஒரே மனிதரிடம் சந்திக்கின்றன.

1619இல் பிலிப் த ஒலிவேரா யாழ்ப்பாணத்தை முற்றாகக் கைப்பற்றினார். கடல்வழியே தப்ப முயன்ற சங்கிலி மன்னன் பிடிபட்டுக் கோவாவில் கொல்லப்பட்டான். அதன் பின்னும் தஞ்சை நாயக்கரின் படைகள் உதவிக்காகக் கடல் கடந்து வந்து போரிட்டுத் தோற்றன. கடலைக் காக்காவிட்டால் குடாநாடு கையில் தங்காது என்பதைப் போர்த்துக்கேயர் உணர்ந்தனர். ஊர்காவற்றுறை வாய்க்காலின் நடுவே, சிறு திட்டு ஒன்றின் மேல் முருகைக்கற்களால் கோட்டை எழுப்பினர். நம்மவர் அதைக் கடற்கோட்டை என்கிறோம். அதற்கு எதிரே ஊர்காவற்றுறைக் கரையிலும் ஒரு கோட்டை இருந்தது. அதன் இடிபாடுகளை இன்றும் காணலாம்.

1658: இரண்டு முற்றுகைகள்

1602இல் தொடங்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனோடு 1638இல் உடன்படிக்கை செய்து போர்த்துக்கேயரின் கோட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தது. 1656 மே மாதம் கொழும்பு வீழ்ந்தது. 1658 பெப்ரவரியில் ரிக்லொப் வான் கூன்ஸ் என்ற தளபதி மன்னாரைப் பிடித்துக்கொண்டு தரைவழியாக யாழ்ப்பாணம் நோக்கி வந்தார். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒடுங்கினர். மார்ச் மாதம் முற்றுகை தொடங்கியது.

ஆனால் கடற்கோட்டை போர்த்துக்கேயர் கையில் இருக்கும்வரை வாசல் அடைத்தே இருக்கும். ஒல்லாந்தரின் கப்பல்கள் உள்ளே வர முடியாது. எனவே அதையும் வளைத்தனர். சுமார் இரண்டு வாரங்களில் கோட்டை சரணடைந்தது. மதிலை உடைத்து ஏறிப் பிடித்ததாக இல்லை. குடிநீர் கிடைக்காமற் செய்யப்பட்டதே சரணடையக் காரணம்.

இங்கேதான் உம்மும்மாவின் கேள்விக்கு விடை இருந்தது. புவியியல் வகுப்பில் படித்ததை இதோடு சேர்த்துப் பார்த்தேன். யாழ்ப்பாணம் சுண்ணக்கல் நிலம். வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை நிலத்துள் இறங்கி, உவர்நீரின் மேல் வில்லை போல மிதந்து நிற்கும். அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். தீவு சிறுக்கச் சிறுக்க அந்த வில்லையும் மெலியும். கோட்டை நிற்கும் திட்டு போன்ற சின்ன இடத்தில் நன்னீர்க் கிணற்றுக்கு வழியே இல்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து சேமிக்கும் தண்ணீரே தண்ணீர்.

அடுத்து மாதத்தைப் பாருங்கள். நமக்குப் பெருமழை தருவது ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான காலம். மார்ச் கோடை. குறைந்த தண்ணீரை நிரப்ப மழை வராது. சுற்றிலும் கடலைப் பார்த்துக்கொண்டு தாகத்தால் தோற்ற கோட்டை அது.

கடற்கோட்டை விழுந்ததும் யாழ்ப்பாணக் கோட்டைக்கான கடல்வழி மூடப்பட்டது. உள்ளே படைவீரர் மட்டுமல்ல, பெண்களும் பிள்ளைகளும் அடிமைகளும் அடைக்கலம் புகுந்திருந்தனர். பசியும் நோயும் பலரைக் கொன்றன. கோவாவிலிருந்து உதவி வரும் என்று காத்திருந்தனர். ஒல்லாந்தரோ கோவாத் துறைமுகத்தையே தங்கள் கப்பல்களால் மறித்திருந்தனர். யூன் மாதத்தில் சோளகக் காற்று உரத்துவிட்டால் மேற்குக் கரையிலிருந்து பாய்க்கப்பல்கள் புறப்படவும் முடியாது. மூன்று மாதங்களுக்கு மேல் தாக்குப்பிடித்துவிட்டு, 1658 யூன் 22ஆம் திகதி கோட்டை சரணடைந்தது. படையோடு வந்திருந்த பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற போதகர் இவற்றைக் கண்டு, 1672இல் வெளியான தமது நூலில் எழுதிவைத்தார்.

வென்றவர்கள் பெயரையும் மாற்றினார்கள். ஊர்காவற்றுறைத் தீவு லைடன், காரைதீவு அம்ஸ்ரடாம், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்வ்ற் ஆயின. எல்லாம் அவர்கள் நாட்டு நகரங்களின் பெயர்கள். கடற்கோட்டைக்கு "ஹமன்ஹீல்" என்று பெயரிட்டனர். இலங்கை பன்றித்தொடை வடிவில் இருப்பதாகவும், இக்கோட்டை அதன் குதிப்பக்கத்தில் இருப்பதாகவும் அவர்கள் எண்ணியதே காரணம். ஆனால் நம் மக்கள் நயினாதீவு, புங்குடுதீவு என்றே சொல்லி வந்தார்கள். ஆங்கிலத்தில் இன்றும் எல்லோர் வாயிலும் நிலைத்திருப்பது நெடுந்தீவின் ஒல்லாந்தப் பெயர்தான்.

ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையை ஐங்கோண வடிவில் புதிதாகக் கட்டி, அதன் வெளி அரண்களை 1792இல் முடித்தனர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1795இல் ஆங்கிலேயர் வந்தபோது சண்டையின்றியே அதை ஒப்படைத்தனர். கடலாதிக்கம் கைமாறிவிட்ட பின் மதில் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

உலகப் போரில் இதே பாடம்

இந்தப் பாடம் நம் களப்புக்கு மட்டும் உரியதல்ல. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் சமுத்திரத் தீவுகளில் ஜப்பானும் அமெரிக்காவும் 1941 முதல் 1945 வரை போரிட்டன. அந்தப் போரின் அலை இலங்கையையும் தொட்டது. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பும் ஏப்ரல் 9இல் திருகோணமலையும் ஜப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டன. ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது.

அப்போரிலிருந்து மூன்று எடுத்துக்காட்டுகளைத் தருகிறேன்.

முதலாவது குவாடல்கனால். 1942 ஓகஸ்ட் முதல் 1943 பெப்ரவரி வரை அங்கே சண்டை நடந்தது. விமானத்தளம் அமெரிக்கர் கையில் இருந்ததால் ஜப்பானியக் கப்பல்களால் பகலில் உணவு கொண்டுவர முடியவில்லை. குண்டடிபட்டு இறந்த ஜப்பானியரைவிடப் பசியாலும் நோயாலும் இறந்தவர்கள் அதிகம்.

இரண்டாவது தராவா. 1943 நவம்பரில் அமெரிக்கத் தரையிறங்கு படகுகள் பல, நீர்மட்டம் குறைந்திருந்ததால் முருகைக்கற் பாரில் தடுக்கி நின்றன. வீரர்கள் துப்பாக்கிச் சூட்டின் நடுவே தண்ணீரில் நடந்தே கரையேற வேண்டியிருந்தது. மூன்று நாட் சண்டையில் ஏறக்குறைய 1,000 அமெரிக்கரும், தீவைக் காத்துநின்ற சுமார் 4,700 பேரில் அநேகமாக எல்லோரும் மாண்டனர். ஆழமற்ற கடலின் நீர்மட்டத்தை அறியாமல் படகு விடக்கூடாது என்பது நம்மூர் மீனவர் ஒவ்வொருவரும் அறிந்தது.

மூன்றாவது ரபவுல். சுமார் ஒரு இலட்சம் ஜப்பானியப் படையினர் இருந்த பெருந்தளம் அது. அமெரிக்கர் அதைத் தாக்கிப் பிடிக்க முயலாமல், சுற்றியுள்ள இடங்களைப் பிடித்து வழங்கற் பாதையை வெட்டிவிட்டனர். அந்தப் படை போர் முடியும்வரை பயனற்று அங்கேயே கிடந்தது. கடற்கோட்டையை வீழ்த்திய உபாயமும் இதுதான். அளவு மட்டும் வேறு.

நம் காலத்துப் போர்

1658இன் தேசப்படம் 1990இல் மறுபடி விரிந்தது. அந்த ஆண்டு யூன் மாதம் யாழ்ப்பாணக் கோட்டையிலிருந்த இராணுவத்தினரை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டனர். ஓகஸ்டில் அரச படைகள் தீவகத்தில் இறங்கின. மண்டைதீவு வரை வந்து, செப்டெம்பரில் அங்கிருந்து களப்பைக் கடந்து கோட்டையை அடைந்தன. அந்த மாத இறுதிக்குள் கோட்டையை விட்டு விலகியும் விட்டன. கோட்டைக்குப் போகும் வழி தீவகத்தின் ஊடாகவே என்பது 332 ஆண்டுகள் கழிந்தும் மாறவில்லை. 1992 ஓகஸ்ட் 8இல் ஊர்காவற்றுறைத் தீவின் அராலி முனையில் நடந்த கண்ணிவெடித் தாக்குதலில் டென்சில் கொப்பேகடுவ உள்ளிட்ட மூத்த படைத் தளபதிகள் இறந்தனர்.

தளபதிகளின் பெயர்கள் நூல்களில் இருக்கும். சாதாரண மக்களின் கதை அப்படியல்ல. 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் நோக்கி வந்த குமுதினிப் படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதே படகு பின்னரும் பல்லாண்டுகள் நெடுந்தீவு மக்களை ஏற்றி இறக்கியது. ஏறாமல் விட அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

எங்கள் குடும்பத்தின் கதையும் இந்த ஆண்டுகளுக்குள்தான் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணித்தியால அவகாசத்தில் வீடுவாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். உம்மும்மா அப்போது கைக்குழந்தையோடு இருந்தார். நகையும் பணமும் கையில் இல்லை. பிள்ளைக்காக எடுத்த ஒரு போத்தல் தண்ணீர் மட்டும் இருந்ததாம். புத்தளம் போய்ச் சேருமுன் அதுவும் முடிந்துவிட்டது. வழியில் ஒரு வீட்டுக்காரர், யார் எவர் என்று கேட்காமல் போத்தலை நிரப்பிக் கொடுத்தார் என்று இன்றும் சொல்வார். அவருக்காக இன்றும் துஆ செய்கிறார். கோட்டை என்றதும் அவருக்கு ஏன் பீரங்கி நினைவு வராமல் தண்ணீர் நினைவு வந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

நான் விளங்கிக்கொண்டது

பத்ருப் போரின்போது ஹுபாப் இப்னு முன்திர் (ரழி) அவர்கள் கிணறுகளுக்கு அண்மையில் பாளயம் இறங்குமாறு ஆலோசனை சொன்னதையும், நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்றுக்கொண்டதையும் இஸ்லாம் பாடத்தில் படித்திருக்கிறோம். போரில் தண்ணீரின் பெறுமதியை அவர்கள் அறிந்திருந்தார்கள். அதே வேளை, குறைஷியரில் சிலர் தண்ணீர்த் தொட்டிக்கு வந்தபோது அவர்களைக் குடிக்க விடும்படி நபியவர்கள் கூறியதும் சீறா நூல்களில் உள்ளது. நீரைக் கையில் வைத்திருப்பது ஒன்று. தாகித்தவனுக்கு அதை மறுப்பது வேறொன்று.

ஒப்படையை மீண்டும் எழுதிக் கொடுத்தேன். ஒல்லாந்தர் ஏன் வென்றனர் என்பதற்கு இம்முறை நான் எழுதிய காரணங்கள் இவை: கடல்வழி அவர்கள் கையில் இருந்தது, கோடைகாலம் அவர்களுக்கு உதவியது, எதிரியின் குடிநீரை அவர்கள் மறித்தார்கள். பீரங்கி நாலாவது இடத்தில்தான் வந்தது. கடைசியில் ஒரு வரியும் சேர்த்தேன்: முற்றுகையில் முதலில் தாகிப்பவர்கள் தளபதிகள் அல்லர்.

இன்று கடற்கோட்டை கடற்படையின் பொறுப்பில் ஒரு விடுதியாக இருக்கிறது. ஊர்காவற்றுறைத் துறையில் நின்றால் கண்ணுக்கு முன்னே தெரியும். காரைநகருக்குப் போகும் பாதையில் ஏறக் காத்திருக்கும் பிள்ளைகள் அதைப் பார்த்துப் படம் எடுக்கிறார்கள். தீவகத்தின் பல ஊர்களில் கோடை வந்தால் இன்னும் குடிநீருக்கு வாளியும் கானுமாக வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போது, தங்கைமாரே, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டிலிருக்கும் மூத்தவர்களிடம் உங்கள் பாடப்புத்தகத்தை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வி பரீட்சைத் தாளில் இல்லாததாக இருக்கலாம்.

மீட்டல் வினாக்கள்

1. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பலுக்கு நயினாதீவுக் கல்வெட்டுச் சலுகை தந்தது ஏன்?
2. கடற்கோட்டை மார்ச் மாதத்துக்குப் பதிலாக நவம்பரில் முற்றுகையிடப்பட்டிருந்தால் முடிவு மாறியிருக்குமா? காரணம் கூறுக.
3. கடற்கோட்டை முற்றுகைக்கும் ரபவுல் தளத்துக்கு நேர்ந்ததற்கும் உள்ள ஒற்றுமையைக் காட்டுக.
4. உங்கள் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் கேட்டு, போர்க்காலத்தில் குடிநீர் எங்கிருந்து பெற்றார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுக.